நூற்று இருபத்து மூன்றாம் வாசல்

மூன்றாவது ராத்திரி.
காற்றை அளக்கிற டப்பா
ஃப்ரிட்ஜ் மேல், வெங்காயக் கூடையை ஒட்டி
ஆரஞ்சு நிறத்தில் கண் சிமிட்டிக்கொண்டிருக்கிறது.

கத்திவாக்கத்தில் எங்கள் தெருவில்
ஜன்னலைத் திறக்கலாமா என்று
மூக்கைக் கேட்டுத்தான் முடிவெடுப்போம்.
தணிகாசலத்துக்கு அது போதவில்லை.
"எண்ணு வேணும் பரிமளா.
மூக்கு இன்னா, கோர்ட்டுல வந்து சாட்சி சொல்லுமா?"
தவணையில் வாங்கி வந்துவிட்டான்.

வேறு வீடாக இருந்தால் ஐந்து நிமிஷ வேலை.
பகலெல்லாம் ஏதோ ஒரு வங்கியின் வலையைக் காக்கிறவள்
சொந்த வாசலைத் திறந்துபோட்டிருப்பேனா?
பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் தூசி தட்டி
ஃபயர்வாலாக உட்காரவைத்தவள் நான்.
கடைசி விதி: மற்றதெல்லாம் மறு.
அதை எழுதிய அன்று
நன்றாகத் தூங்கினேன்.

முதல் ராத்திரி, அலைவரிசை.
டப்பாவின் காதில் இரண்டு புள்ளி நான்குதான் விழும்.
போனோ ஐந்தில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது.
பிரித்துப் பெயர் வைத்தேன்.

இரண்டாம் ராத்திரி, சுவர்.
நம்பாத சாமான்களுக்கென்று தனி வலை
(என் மைத்துனனின் போனும் அதில்தான்).
அங்கிருந்து டப்பா "நான் இங்கே, நான் இங்கே" என்று கூவியது
இந்தப் பக்கம் கேட்கவில்லை.
கூவலை மட்டும் கடத்த ஓர் ஏற்பாடு செய்தேன்.
"கருவி கிடைத்தது" என்றது போன்.
தணிகாசலம் கை தட்டினான்.
தொண்ணூற்றெட்டு சதவீதத்தில் நின்றுபோனது.

உதவி எண்ணில் ஒரு பெண்,
தூக்கக் கலக்கத்தோடு:
"ஃபயர்வாலை எடுத்துடுங்க மேடம்,
எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

"ஒரு டப்பாவ உள்ள வுட இவ்ளோ பேஜாரா?
எங்க போர்ட்டுலகூட இவ்ளோ கேள்வி கேக்க மாட்டானுங்க."
அவனுக்கு போர்ட் என்றால் கிரேன், கன்டெய்னர்.
எனக்கு வெறும் எண்கள்.
அவன் தூங்கப் போனான்.

மறுக்கப்பட்டவர்களின் பதிவேட்டை
மேலிருந்து கீழே உருட்டினேன்.
அறுபத்து நான்கு விநாடிக்கு ஒரு முறை
அதே டப்பா
அதே நூற்று இருபத்து மூன்றாம் வாசல்
அதே கேள்வி:
மணி என்ன?

அவ்வளவுதான் கேட்டிருக்கிறது,
மூன்று நாளாக.

மணி தெரியாத டப்பாவுக்கு
இன்றைக்கும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது, ஜனவரி ஒன்று.
தூரத்து சர்வர் நீட்டிய சான்றிதழை
'இன்னும் பிறக்காதவனின் கையெழுத்து' என்று
திருப்பியனுப்பியிருக்கிறது.
அதன் கணக்கில் அது சரி.
சாத்திய கதவில் இருப்பது என் விதி.

அப்போதுதான் அது வந்தது.
பால்கனிக் கதவிடுக்கில்
அழுகிய முட்டையும் தாரும் கலந்த மாதிரி.
கீழ்வீட்டு ஜன்னல் சாத்தும் சத்தம்.
எதிர்வீடு. அதற்கடுத்த வீடு.
யாருடைய குழந்தையோ இருமியது.
சாத்தினேன். ஈரத்துண்டை இடுக்கில் திணித்தேன்.
எத்தனை விதி எழுதி என்ன,
அது எந்த எண்ணில் வருகிறது என்று
பதிவேட்டில் இல்லை.

கை கழுவிவிட்டு வந்து
ஒரே வரி சேர்த்தேன், 'மறு'வுக்கு மேலே:
டப்பாவிலிருந்து வெளியே, நூற்று இருபத்து மூன்று,
நேரம் கேட்க மட்டும், அனுமதி.

சிமிட்டல் நின்றது.
அரை நூற்றாண்டை ஒரே தாவு.
பச்சை.
திரையில் எண் ஏறியது: நூற்றுப் பத்து, இருநூறு,
இருநூற்றுத் தொண்ணூற்று மூன்று.
போன் அதிர்ந்தது: 'ஜன்னல்களைச் சாத்தவும்.'
ரொம்ப நன்றி.

வாடையில் எழுந்து வந்த தணிகாசலம்
லுங்கியை இறுக்கிக்கொண்டு எண்ணைப் பார்த்தான்.
சிரிக்கவில்லை.
"மணி விழுந்துகீதா பாரு.
மணி இல்லாத எண்ணு செல்லாது."

விழுந்திருந்தது. ஒன்று நாற்பத்தேழு.
ஹிசாப் நோட்டில், பால் கணக்குக்குக் கீழே
அவன் எழுதிக்கொண்டிருந்தபோது
சந்தேகம் வந்து
வெங்காயக் கூடையைத் தூக்கி
அடுத்த அறையில் வைத்துவிட்டு வந்து பார்த்தேன்.

எண் இறங்கவில்லை.